பாலன் பிறந்த நாளில் நம் பிள்ளைக்கு என்ன வாங்குவது?

ஆண்டுக் கடைசி மழை இறங்கிவிட்டது. விடியற்காலையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் பாலோடு தண்ணீரும் சேர்ந்து வழிகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கத்துத் தோழர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வருமானம் சுருங்கும் இந்த மாதத்தில்தான் செலவெல்லாம் வரிசை பிடித்து வாசலில் வந்து நிற்கிறது. கொரோனாவுக்குப் பின் சில ஆண்டுகள் மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் தள்ளிப்போயிருந்த பள்ளி ஆண்டு, 2026-இல் மறுபடியும் ஜனவரிக்கே திரும்பியது. ஆகவே சப்பாத்து, சீருடை, புத்தகப்பை ஆகிய எல்லாவற்றையும் டிசம்பரிலேயே பார்த்தாக வேண்டும். இவற்றுக்கு நடுவே கிறிஸ்மஸ் பண்டிகை.

தோட்டப்புறத்தில் கிறிஸ்மஸ் ஒரு சமயத்தாரின் வீட்டோடு நின்றுவிடுகிற பண்டிகை அன்று. தீபாவளி முறுக்கு எந்த வீடுகளுக்கெல்லாம் போயிற்றோ அந்த வீடுகளிலிருந்தெல்லாம் கேக்கும் அதிரசமும் திரும்பி வருகின்றன. குடில் கட்டுவதற்கு வைக்கோலும் மூங்கிலும் தேடிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளில் யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பரிசு என்று வந்தால் அவர்கள் எல்லாருடைய கண்களும் ஒரே மாதிரிதான் விரிகின்றன. எனவே இங்கே நாம் எழுதுவது கிறிஸ்தவத் தோழர்களுக்கு மட்டும் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

முதற் கிறிஸ்மஸ் பரிசுகளைப் பற்றித் தொழில்முறையில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பாலனுக்குக் கொண்டுவந்தவை பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று வேதத்தில் காண்கிறோம். இவற்றுள் பின்னவை இரண்டும் மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கப்படுகிறவை. அரபு நாட்டிலும் சோமாலியாவிலும் இன்றுங்கூட அந்த மரங்களின் பட்டையைக் கத்தியால் சீவி, பால்போல் கசிந்து இறுகும் பிசினைச் சுரண்டிச் சேர்க்கிறார்கள். நம்மைப் போன்ற ஒரு பட்டை சீவும் தொழிலாளியின் உழைப்புத்தான் அந்தத் தொழுவம்வரை போயிருக்கிறது! நிற்க. தொட்டில் குழந்தைக்குப் பொன்னால் என்ன பயன், போளத்தால் என்ன பயன்? அவை ராஜ மரியாதைக்காகப் பெரியவர்கள் தேர்ந்த பொருள்கள். அங்கே அது பொருத்தமே. ஆனால் நம்மில் பலர் இன்றும் பிள்ளைக்கு வாங்கும்போது தம் மரியாதையையே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அக்கம்பக்கத்தார் பார்க்க வேண்டும், உறவினர் வியக்க வேண்டும் என்ற எண்ணம் முன்னே போகிறது. பிள்ளை பின்னே வருகிறது.

இந்த மரியாதைப் பரிசுகளில் முதலாவது, தவணைக்கு எடுக்கும் டேப்லெட்டும் கைத்தொலைபேசியும். "படிப்புக்குத்தானே" என்று கடைக்காரர் சொல்கிறார். நாமும் அதையே வீட்டில் சொல்கிறோம். அந்தக் கருவியைக் குறை கூற நாம் வரவில்லை. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது அது இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாடு நமக்கு மறந்துவிடவில்லை. இருந்தாலும் 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 வெள்ளியை வைத்து வீட்டுச் செலவையும் மருந்துச் செலவையும் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டு மாதம் கட்ட வேண்டிய தவணையையும் தலையில் ஏற்றிக்கொள்வது பரிசாகாது, அது கடன். மூன்றாம் மாதம் தவணை தவறும்போது வீட்டில் நடக்கிற சச்சரவைப் பிள்ளை கேட்கிறது. தன் பொருட்டு வந்த சண்டை என்று அதற்கு விளங்குகிறது. வாங்கத்தான் வேண்டுமென்றால் அதை வீட்டுக் கருவி என்று வெளிப்படையாகச் சொல்லி, பணம் சேர்த்து வாங்குக. கிறிஸ்மஸ் காகிதத்தில் சுற்ற வேண்டாம்.

இரண்டாவது, பயிற்சிப் புத்தகம். இதைச் சொன்னால் கிராணிமார்களில் சிலருக்கு வருத்தம் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பயிற்சி, மலாய் இலக்கணப் பயிற்சி, ஆங்கிலச் சொற்பயிற்சி என்று அரை டஜன் வாங்கி, ஒரு சிவப்பு நாடாவும் கட்டிக் கொடுத்துவிட்டு, "அறிவுக்குப் பரிசு தந்தோம்" என்று மார்தட்டிக்கொள்கிறார்கள். பிள்ளை நாடாவை அவிழ்க்கிறபோது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! அடுத்த வீட்டுப் பிள்ளை பந்தோடு ஓடுகிறது; இந்தப் பிள்ளை விடுமுறையிலும் கணக்குப் போட உட்கார்கிறது. பயிற்சிப் புத்தகம் தேவைதான். பென்சிலும் சப்பாத்தும் எப்படித் தேவையோ அப்படி. அவை பெற்றோர் செய்ய வேண்டிய கடமை. அரசாங்கம் தருகிற பள்ளித் தொடக்க உதவியான 150 வெள்ளிக்கு 2023-இல் வருமான வரம்பு நீங்கியது. அந்தப் பணம் இவற்றுக்காகவே உள்ளது. கடமையைப் பரிசென்று பெயர் சூட்டிக் கொடுத்தால் பிள்ளை இரண்டையுமே வெறுக்கக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, "அறிவை வளர்க்கும்" என்று அட்டையில் அச்சடித்திருக்கும் பெரிய பெட்டிகள். பட்டணத்துக் கடைகளில் இந்த மாதம் இவை மலைபோல் குவிந்திருக்கும். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்று சொல்லுகிற பிளாஸ்டிக் நுண்ணோக்கியை வாங்கி வந்து பார்த்தால் மங்கலான ஒரு வட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. இரண்டாம் நாள் அது அலமாரிக்கு மேலே போகிறது. அதைவிட, பத்து மடங்கு பெரிதாக்கும் நல்ல கைக்கண்ணாடி ஒன்று சட்டைப் பையில் அடங்கும், சில வெள்ளிகளில் கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது என்று கேட்பீர்கள். கடைக்குப் போவதற்கு முன்னால் பிள்ளையைப் பாருங்கள் என்பதே நமது பதில். ஒரு மாதம் பாருங்கள். எந்த வேலையில் ஈடுபட்டிருக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாமல் இருக்கிறது? எதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு நம் பொறுமையைச் சோதிக்கிறது? எதைப் பிரித்துப் போட்டு அடி வாங்கிற்று? அடி வாங்கிய இடத்தில்தான் பெரும்பாலும் ஆர்வம் இருக்கிறது. பழைய வானொலியைக் கழற்றிப் போட்ட பையனுக்கு ஒரு திருப்புளியும், ஓர் உலர்மின்கலமும், சிறிய விளக்கும், இரண்டு முழம் கம்பியும் கொடுத்தால் அவனுக்கு அதுவே பொக்கிஷம். சுவரெல்லாம் கரியால் கிறுக்கி வைக்கிற பெண்ணுக்கு வர்ணப் பெட்டியும் கெட்டிக் காகிதமும். கோவில் திருவிழாவில் மேளக்காரரை விட்டு நகராத பிள்ளைக்கு என்ன என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். விடுமுறை நாளில் தாயோடு நிரைக்குள் வருகிற சின்னப் பெண் கேட்கிறாள்: "அம்மா, ஏன் சாய்வாக வெட்டுறீங்க? நேராக வெட்டினால் என்ன?" நம்மில் பெரும்பாலோர், "வெட்டு அப்படித்தான், போய்க் குச்சி பொறுக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்குள் ஒரு கல்லூரிப் பாடமே இருக்கிறது. பட்டைக்குள் பால் ஓடுகிற நுண்குழாய்கள் செங்குத்தாக ஏறுவதில்லை. இடப்பக்கத்துக் கீழிருந்து வலப்பக்கத்து மேலாகச் சற்றே சாய்ந்து, மரத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறுகின்றன. ஆகவே இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். பாலும் தானாகவே மங்கை நோக்கி வழியும். விடியுமுன்னே ஏன் வெட்டுகிறோம்? இரவில் குழாய்களுக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்து வெளியே விடுவதால் அழுத்தம் தணிந்து பால் சுணங்குகிறது. ஆழம் போகாதே என்று மண்டோர் ஏன் கத்துகிறார்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதில் கத்தி பட்டால் மறுபட்டை மேடும் பள்ளமுமாக வரும். பிறகு அங்கே வெட்ட முடியாது.

இவ்வளவும் வெட்டுகிற கைக்கு ஏற்கனவே தெரியும். வாய்க்குத்தான் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கிறிஸ்மசுக்கு ஒரு கைக்கண்ணாடி கொடுங்கள். புது வெட்டின்மேல் வைத்துப் பார்க்கட்டும். பால் ஒரே கோடாகப் புறப்படாமல் புள்ளி புள்ளியாக ஊறி, பிறகு ஒன்று கூடுவதை அவள் கண்ணாலேயே காண்பாள். அடுத்த கேள்வி தானாகவே வரும். பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஊற்றும் பார்மிக் அமிலத்தின் பெயர் எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜான் ரே என்ற ஆங்கிலேயர் 1671-இல் எறும்புகளைக் காய்ச்சி வடித்தே அதைப் பெற்றார் என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கே அவள் வாசற்படி எறும்பைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்து வைத்துவிடுவாள். (அமிலப் புட்டியை மட்டும் பிள்ளைகளின் கை எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. பூட்டி வையுங்கள்.)

கணக்கில் நாட்டமுள்ள பிள்ளைக்கு ஒரு சிறு தராசு போதும். பாலில் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது பங்குதான் ரப்பர், மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர் என்பதைக் கிராணியார் மேசையில் அறிந்துகொண்ட பிள்ளைக்கு நூற்றுவீதப் பாடம் கசக்காது. ஊர் பெயர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளைக்குச் சுவரில் மாட்டும் உலகப்படம். பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து 1876-இல் ஹென்றி விக்காம் எழுபதாயிரம் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனதும், மறு ஆண்டு அவற்றின் கன்றுகளில் 22 சிங்கப்பூருக்கு வந்ததும், அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டதும் அந்தப் படத்தில் விரலால் தொட்டுக் காட்டத்தக்கவை. நம் பாட்டனார்கள் கப்பலேறிய நாகப்பட்டினமும் அதே படத்தில் இருக்கிறது. மரமும் மனிதரும் இரண்டு திசையிலிருந்து வந்து இந்த மண்ணில் சந்தித்த கதையைப் பாடநூலில் நான்கு வரியில் படிப்பது வேறு. சுவரில் தினமும் பார்த்துக்கொண்டே வளர்வது வேறு. இன்னொன்றும் சொல்லலாம்: பென்சில் கோட்டை இந்தப் பிசின் அழிக்கிறது என்று 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிவைத்தார். அழிக்கத் தேய்ப்பது என்ற பொருளில்தான் ரப்பர் என்ற பெயரே வந்தது. நம் மரத்துக்கும் நம் தோட்டத்துக்கும் பெயர் கொடுத்தது பள்ளிப்பிள்ளையின் அழிப்பான்!

"ஆர்வம், நாட்டம் என்பதெல்லாம் வசதியுள்ளவன் பேச்சு, நம் பிள்ளை எழுதப் படிக்கக் கற்று ஒரு வேலைக்குப் போனால் போதும்" என்று சொல்லுகிற தோழர்கள் உண்டு. அவர்கள் அலுப்பு நமக்குப் புரிகிறது. ஆனால் அந்த "போதும்" என்ற சொல் யாருடையது? தோட்டங்களில் பள்ளிக்கூடம் வந்ததே முதலாளிமாரின் தயவால் அன்று. பத்துப் பிள்ளைகளாவது இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1910-களிலும் 1920-களிலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் வற்புறுத்தியதால் வந்தது. வந்த பள்ளியும் பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், அவரே பாதி நேரம் கணக்கப்பிள்ளை என்ற நிலையில்தான் நடந்தது. தோட்டத்துப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று பிறர் அளந்த அளவுகோல் அது. அதை உடைக்கத்தான் சங்கம் இத்தனை காலம் பேசியிருக்கிறது. பிறர் அளந்தபோது கோபித்துக்கொண்ட நாமே அந்தக் கோலை நம் வீட்டுக்குள் வைத்து நம் பிள்ளையை அளப்பது தகுமா?

லண்டன் நகரில் ஒரு கொல்லனுக்குப் பிறந்த மைக்கேல் ஃபாரடேயின் கதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. பதினான்கு வயதில் அவரைப் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்த்தார்கள். கட்ட வந்த புத்தகங்களை அவர் கட்டுவதோடு விடாமல் படித்தார். மின்சாரத்தைப் பற்றிப் படித்ததைப் பழைய புட்டிகளை வைத்துச் செய்து பார்த்தார். கடை முதலாளி அதைத் தடுக்கவில்லை. அவ்வூரில் ஒருவர் தம் வீட்டில் இரவு நேரத்தில் அறிவியல் விரிவுரை நடத்திவந்தார். ஓர் இரவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். ஃபாரடேயிடம் அது இல்லை. கொடுத்தவர் யார்? அவருடைய தமையனார் ராபர்ட். அவரும் தந்தையின் தொழிலையே செய்துவந்த கொல்லர்தான். சம்மட்டி பிடித்துச் சம்பாதித்த காசைத் தம்பியின் ஆர்வத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். பின்னர் 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் ஹம்ஃப்ரி டேவியின் விரிவுரைகளுக்கு நுழைவுச்சீட்டுத் தந்தார். ஃபாரடே குறிப்பெடுத்து, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831-இல் கண்டறிந்தவர் அவரே. நம் வீட்டில் எரிகிற விளக்கு அந்த ஷில்லிங்குக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அதே ஃபாரடே புகழடைந்த பிறகு கிறிஸ்மஸ் விடுமுறையில் பிள்ளைகளுக்காகவே விரிவுரை நடத்தினார். 1825-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தொடங்கிய அந்தக் கிறிஸ்மஸ் விரிவுரைகளில் 19 தொடர்கள் அவர் நிகழ்த்தியவை. 1860-இல் அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி. எரிகிற ஒரு வத்தியை வைத்துக்கொண்டு காற்று, நீர், மூச்சு எல்லாவற்றையும் விளக்கினார். நம் குடிலுக்கு முன் எரிகிற மெழுகுவத்தியிலேயே அந்தப் பாடம் இருக்கிறது. பரிசின் பெருமை விலையில் இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

கிராணிமார் வீட்டுக்கு இன்னொரு கதை. ராமானுஜனின் தகப்பனார் கும்பகோணத்துத் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். அவருக்குப் பரிசுப் பெட்டி வாங்கப் பணமேது? 1903-இல் நண்பர் மூலம் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு கணித நூல் பையனின் கைக்கு இரவலாக வந்தது. கார் என்ற ஆங்கில ஆசிரியர் பரீட்சைக்குத் தயாராகிறவர்களுக்காகத் தொகுத்த நூல் அது; ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கிய வறட்டுப் புத்தகம். எந்தக் கடைக்காரரும் அதைச் சிறுவனுக்கு ஏற்றது என்று எடுத்துக் காட்டமாட்டார். ஆனால் அந்தப் பையனுக்கு அதுவே விருந்தாயிற்று. காகிதம் வாங்க முடியாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தார் என்கிறார்கள். இதில் கசப்பான பகுதியும் உண்டு: கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். பிற்காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் கிராணி வேலையில் அமர்ந்துதான் 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஆகவே ஆர்வத்தை வளர்ப்பது என்றால் பள்ளிப் பாடத்தைக் கைவிடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்டையில் அச்சடித்த வயதையும் வகுப்பையும் பார்த்து வாங்காமல், பிள்ளையைப் பார்த்து வாங்குங்கள் என்பதே நாம் சொல்வது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் இளஞ்சிவப்புப் பக்கம் முழுதும் அடுப்பும் பானையும் சீப்பும் கண்ணாடியும். நீலப் பக்கம் முழுதும் சுத்தியலும் வண்டியும் தொலைநோக்கியும். யார் இப்படிப் பிரித்தார்கள்? ஆணுக்குச் சமமாக நிரை பிடித்து, ஆணுக்குச் சமமாக வாளி சுமந்தவர்கள் நம் தாய்மார்கள். அவர்கள் கையில் உளி பழகும் என்றால் அவர்கள் மகள் கையில் திருப்புளி பழகாதா? சம வேலைக்குச் சமக் கூலி கேட்ட நாம் விளையாட்டுப் பொருளிலும் அதைக் கேட்கலாம். சமைக்க ஆசைப்படுகிற பையனுக்கு அந்த அடுப்பைக் கொடுப்பதிலும் தவறில்லை.

புத்தகம் கொடுப்பதாக இருந்தால் தமிழில் ஒன்றாவது இருக்கட்டும். தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார்கள். பழைய நூல்தான், இன்றைய செய்திகள் அதில் இராது. ஆனாலும் விலங்கு, செடி, விண்மீன் என்று படத்தோடு தமிழில் படிக்கிற சுகம் குறையவில்லை. இப்போது இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. கதை எழுத விரும்பும் பிள்ளைக்கு ஒரு நல்ல நோட்டுப் புத்தகமும், அது எழுதியதைப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு அனுப்ப அஞ்சல்தலையும் கொடுங்கள். 1950-களில் தமிழ் முரசு கோ. சாரங்கபாணி அவர்கள் தொடங்கிய மாணவர் மணிமன்றத்தில் இப்படி எழுதிப் பழகியவர்களே பின்னாளில் சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர்களாகத் தலையெடுத்தார்கள். தம் பெயரை அச்சில் பார்ப்பதைப்போல் பிள்ளைக்கு இனிக்கிற பரிசு வேறெதுவும் நமக்குத் தெரியவில்லை.

ஆபத்தான பொருள்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஏனென்றால் நம்மில் பலருக்கு ஆஸ்பத்திரி அருகில் இல்லை. பட்டன் போன்ற வட்டமான சிறு மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே தொண்டைக்குழாய் வெந்து புண்ணாகலாம். திருகாணி போட்டு மூடாத விளையாட்டுப் பொருள் எதையும் வாங்காதீர்கள். குண்டுமணி அளவுள்ள வலிமையான காந்தங்கள் இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். காந்தம் வாங்கினால் வாயில் நுழையாத பெரிய லாடக் காந்தமாகப் பாருங்கள். கைக்கண்ணாடியால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காய்ந்த சருகு கிடக்கும் இடத்தில் அதை வெயிலில் போட்டுவிட்டு வரவும் கூடாது.

கடைசியாகக் கிளைகளுக்கு வருவோம். நல்ல உள்ளத்தோடு பல இடங்களில் கிளைகளும் கோவில் கமிட்டிகளும் மாதா கோவில் சபையாரும் ஆண்டு முடிவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மிட்டாய்ப் பொட்டலம், ஒரே மாதிரி பிளாஸ்டிக் துப்பாக்கி. மேடையில் மாலை, புகைப்படம், பேச்சு. பொங்கலுக்குள் அந்தத் துப்பாக்கிகளெல்லாம் உடைந்து வாய்க்காலில் கிடக்கின்றன. அந்தப் பணத்தில் பாதியை எடுத்து வைத்தாலே ஒரு பெட்டியை நிரப்பலாம் என்பது நமது யோசனை. ஐந்தாறு கைக்கண்ணாடி, ஒரு திசைகாட்டி, லாடக் காந்தம், சதுரங்கப் பலகை இரண்டு, தராசு, திருப்புளித் தொகுதி, உலகப்படம், விண்மீன் படம், வர்ணப் பெட்டிகள், மூன்று மொழியிலும் கதைப் புத்தகங்கள். பிள்ளைகள் இரண்டு வாரத்திற்கு ஒன்று என்று இரவல் எடுத்துப் போகட்டும். ஒரு பிள்ளை ஒரே பொருளை மூன்று முறை திரும்ப எடுத்தால், அடுத்த கிறிஸ்மசுக்கு அதற்கு என்ன வாங்க வேண்டும் என்று பெற்றோருக்குத் தெரிந்துவிடும். மிட்டாயை நிறுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மிட்டாய் இல்லாத பண்டிகை என்ன பண்டிகை?

பொருள் தொலைந்துபோகும் என்று சில செயலாளர்கள் இப்போதே முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது. ஒன்றிரண்டு தொலையும். உடையவும் செய்யும். துப்பாக்கி ஐம்பதும் உடைந்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லையே! பதிவுப் புத்தகத்தை ஒரு கிராணியார் வைத்துக்கொள்ளட்டும். பெட்டியின் சாவியை மட்டும் பெரியவர்கள் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகளில் பொறுப்பான ஒரு பெண்ணிடம் கொடுங்கள். டிசம்பர் கிளைக் கூட்டத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. தீர்மானத்தை எழுதி முன்கூட்டியே செயலாளரிடம் சேர்ப்பியுங்கள். பெட்டி செய்வதற்குப் பலகை வேண்டுமென்றால் ரப்பர் மரப் பலகையே போதும்.